வயிற்றெரிச்சலும் நாலு பிளக்கும்

என் சகலையும் நானும் ஒரே நாளில், ஒரே புரோக்கரிடம், ஒரே மாதிரியான இரண்டு வண்டிகளை வாங்கினோம். இராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட பெட்ரோல் ஜீப்புகள். பின்பக்கத்தை வெட்டி எடுத்து, இரும்புத் தொட்டி வைத்துப் பிக்கப்பாக மாற்றியிருந்தார்கள். இரண்டும் ஒரே பச்சை, ஒரே வயது, பானெட்டுக்குள் ஒரே நாலு சிலிண்டர். மதுரையிலிருந்து முன்னும் பின்னுமாக ஓட்டி வந்தபோது எது யாருடையது என்று எங்களுக்கே குழப்பமாக இருந்தது. விருதுநகரில் டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பியபோது அந்தக் குழப்பம் தீர்ந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது அவனுடையது. இருமிவிட்டு யோசித்தது என்னுடையது.

அவன் என்று எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட இளையவன், மாமியார் வீட்டுக்கு எனக்குப் பின்னால் வந்த மருமகன். என்னை அண்ணே என்பான். நான் 'வாங்க சகலை, சாப்பிட்டீகளா' என்பேன். மனதுக்குள் மட்டும் எப்போதும் அவன்தான். மனதுக்குள் கிடந்ததை எழுதும்போது மரியாதை சேர்த்து எழுதினால் அது பொய்யாகிவிடும்.

வீடுவீடாக இலவசக் கலர் டிவி வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் லோடு அடிக்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் டீசலுக்குப் போய்விட்டார்கள். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் என்ற தலைவலியே இல்லை. பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக உட்கார்ந்து பொறி கொடுக்கிற அந்தச் சின்னச் சாமான், டீசல்காரனுக்குத் தேவையில்லை. தேவைப்பட்டதெல்லாம் என்னையும் அவனையும் போலப் பழைய வண்டியை வாங்கியவர்களுக்குத்தான்.

எனக்கு லோடு பிடித்துக் கொடுத்தவள் என் மனைவி. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். சுற்றியிருக்கிற ஊர்களில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து உருட்டிய காகிதக் குழாய்களை வாங்கி வந்து கம்பெனியில் இறக்க வேண்டும். சிவகாசி அச்சகத்திலிருந்து காலிப் பெட்டிகளைக் கொண்டுவர வேண்டும். போர்மேனிடம் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். பாரமே இருக்காது, இடத்தைத்தான் அடைக்கும். ஊருக்கு ஊர் நின்று, தெருவுக்குத் தெரு நின்று, மாட்டு வண்டி வேகத்தில் போய்வருகிற வேலை. சகலைக்கும் அதே வேலைதான், வெம்பக்கோட்டைச் சாலையில் வேறொரு கம்பெனிக்கு.

பட்டாசுக் கம்பெனி வாசலில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். வண்டியின் சைலன்சர் வாயில் பொறி வெளியே வராதபடி கம்பிவலைக் கூண்டு மாட்ட வேண்டும். காளைக்கு வாய்க்கூடு கட்டுகிற மாதிரி இருப்பதால் எங்கள் வீட்டில் அதற்கு வாய்க்கூடு என்றே பெயர். வாசலைத் தாண்டிவிட்டால் சில சொற்களையும் வெளியே வைத்துவிட வேண்டும். 'வெடிச்சிருச்சு' என்று யாரும் சொல்லமாட்டார்கள். டயர் வெடித்தாலும் 'காத்துப் போயிருச்சு' என்பார்கள். 'சூடு' என்ற சொல்லுக்குக்கூட முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு. டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டால் 'குடிக்கலாம்' என்பார் எங்கள் போர்மேன்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பிளக் வாங்கிய லட்சணம் இதிலிருந்துதான் வந்தது.

வண்டி வாங்கிய நாள் முதல் என் வண்டி இருமிக்கொண்டிருந்தது. அவன் வண்டி பாடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த மாதிரி இரண்டு வண்டிகள், அதில் ஒன்று மட்டும் எப்படி இவனுக்குப் பணிகிறது? காலையில் அவன் எங்கள் தெரு வழியாகப் போகும்போது அந்தச் சீரான சத்தத்தைக் கேட்டாலே எனக்கு இட்லி இறங்காது. மாமியார் வேறு எண்ணெய் ஊற்றுவார். சின்ன மாப்பிள்ளை உடைத்தால் மண்சட்டி, பெரிய மாப்பிள்ளை உடைத்தால் பொன்சட்டி என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"சின்ன மாப்ள ரெண்டாவது வண்டி வாங்கப் போறாகளாம். டிரைவர் வேணுமாம். பெரிய மாப்ள இந்த இருமல் வண்டியத் தள்ளி விட்டுட்டு அத ஓட்டுனா என்ன? வெளி ஆளுக்குக் குடுக்குற சம்பளத்த வீட்டு ஆளுக்குக் குடுத்தா ஆகாதா?" என்றார் ஒருநாள், எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே.

நான் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். மூத்த மருமகன், இளையவனுக்கு டிரைவர். அவன் வண்டியை நான் துடைக்க வேண்டும், அவன் கொடுக்கிற படியை வாங்கிச் சட்டைப்பையில் வைக்க வேண்டும். அதற்குப் பதில் நான் காகிதக் குழாய் உருட்டப் போய்விடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். உங்களுக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாது என்றாள் அவள்.

அந்த ஆடியில் குடும்பத்தோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நேர்த்திக்கடன் கிடாய் ஒன்று. இரண்டு வண்டிகளிலும் சனத்தை ஏற்றியிருந்தோம். மூத்தவன் என்பதால் மாமியாரும் கிடாயும் என் வண்டியில். ஊரைத் தாண்டியதும் என் வண்டி இரும ஆரம்பித்தது. முதல் நிறுத்தத்தில் கொழுந்தியாளின் பிள்ளைகள் இறங்கி அந்த வண்டிக்குப் போனார்கள். பிள்ளைகள்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் என் பிள்ளைகள் போனார்கள். சாத்தூர் பாலத்துக்கு முன்னால் வண்டி ஒரேயடியாக நின்றபோது, மாமியார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். கடைசியில் கிடாயும் போனது. போகும்போது அது என்னைத் திரும்பிப் பார்த்தது என்பது என் மனைவியின் கற்பனை. ஆனால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீயும் போறதுன்னா போ" என்றேன். "போனா நல்லாவா இருக்கும்?" என்றாள். அது எனக்கு ஆறுதலா, இல்லை குத்தலா என்று புரியவில்லை.

ஆற்று மணலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது சகலை என் வண்டியின் பானெட்டைத் திறந்து நின்றான். கேட்காமல் திறந்தான். ஒரு பிளக்கைக் கழற்றி எடுத்துவந்து காட்டினான். அடுப்புக்கரியில் தோய்த்த மாதிரி கறுப்பாக இருந்தது.

"அண்ணே, கரி புடிச்சிருக்கு. ஒரு நம்பர் சூடான பிளக்காப் பாத்துப் போடுங்க. நம்ம வண்டி மெதுவாப் போகுது, நின்னு நின்னு போகுது. பிளக்கு சூடாகாட்டி கரி அப்பிக்கிடும். நல்லாச் சூடானாத்தான் ஒட்டுன கரி எரிஞ்சு தன்னாலேயே சுத்தமாகும்."

தன் வண்டியிலிருந்தும் ஒன்றைக் கழற்றிக் காட்டினான். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. மேலே வெள்ளைப் பீங்கானில் சிவப்பாக இரண்டு பொட்டுகள்.

"இது என்ன?"

"வீட்டுல இருக்க நெயில் பாலிஷ்ண்ணே. முதல் சிலிண்டருக்கு ஒரு பொட்டு, ரெண்டாவதுக்கு ரெண்டு. தொடச்சு மாட்டும்போது எது எங்கன இருந்துச்சோ அங்கனயே போகணும்ல?"

நான் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தேன். "எங்க சகலை பிளக்குக்குப் பூப்புனித நீராட்டு விழா வச்சிருக்காரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தியாள் மட்டும் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டாள், பெருமையாக.

அவன் சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லை என்று சொல்லமுடியாது. ஏறியது, வேறு மாதிரி ஏறியது. பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற வண்டிக்குச் சூடான பிளக்கா? இவன் என்ன நினைத்துக்கொண்டு சொல்கிறான்? சூடான பிளக்கைப் போட்டு, பொறி பறந்து, போர்மேன் என்னை வெளியே தள்ளினால் அந்த லோடு யாருக்குப் போகும்? ரெண்டாவது வண்டி சும்மாவா வாங்குகிறான்? கணக்கு நேராக வந்து நின்றது. கிடாய்க்கறி அன்றைக்கு எனக்கு ருசிக்கவில்லை.

அடுத்த நாளே விருதுநகர் பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வண்டியின் வயதைக் கேட்டுவிட்டு, அலமாரியின் மேல் தட்டிலிருந்து தூசி படிந்த டப்பாவை இறக்கினார்.

"பிளக்குல ஹாட்டுன்னா சூடு, கோல்டுன்னா குளிர்ச்சி, ரெண்டு வகை உண்டு. கம்பெனிக்குள்ள போற வண்டியா?"

"ஆமா."

"அப்பக் கோல்டுதான். பட்டாசுக்காரக ஹாட்டுன்னு அட்டையில எழுதியிருந்தாலே தொட மாட்டாக. அதனால நான் வாங்கியே வைக்கிறதில்ல. அதான் வேணும்னா மதுரைக்குச் சொல்லி விடணும்."

"இதுல இருக்கதுலேயே ரொம்பக் குளிர்ந்தது எது?" என்று கேட்டேன்.

அவர் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அம்மன் சன்னதியில் நிற்கிற மாதிரி மனசு குளிர்ந்தது. எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். சூடு என்றால் ஆபத்து, குளிர்ச்சி என்றால் பத்திரம். பால்குடியிலிருந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஒரு பிளக்குக்கு மட்டும் அது தலைகீழாக இருக்கும் என்று யார் கண்டார்?

வீட்டில் வந்து நானே மாட்டினேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தங்கச்சி மாப்ள சொன்னதத்தான வாங்கிட்டு வந்தீக?"

"அவர் சொன்னதுக்கு நேர் எதிரா வாங்கிட்டு வந்தேன்."

"ஏன், அவுக சொன்னதக் கேட்டாத்தான் என்ன? வாய் வெந்தா போயிரும்?"

"அவர் கெணத்துல குதின்னா குதிக்கணுமா?"

"கெணத்துலருந்து ஏறுங்கன்னுதான அவுக சொன்னாக" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்று எனக்குத் தட்டில் சோறு சத்தமாக விழுந்தது.

புது பிளக் போட்டதும் வண்டி பிரமாதமாக ஓடியது. இருமல் இல்லை, யோசனை இல்லை. புதுசு என்றால் எந்த பிளக்கும் கொஞ்ச நாளைக்கு நன்றாகத்தான் ஓடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காலையில் அவன் வருவதற்கு முன்பே கிளப்பி, வாசலில் உறுமவிட்டு வைத்திருப்பேன். அவன் கை காட்டுவான். நானும் காட்டுவேன், ஜாதிக் குதிரையில் உட்கார்ந்திருக்கிறவன் போல. அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆவணி முடிந்து சீசன் சூடு பிடித்தது. கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு காலைப்பொழுதில் குழாய் லோடோடு கம்பெனி வாசலில் நின்று, செல்போனைக் கொடுத்து, வாய்க்கூட்டை மாட்டி, வண்டியை முதல் கியரில் உள்ளே நகர்த்தினேன். எஞ்சின் ஒருமுறை விக்கியது. இன்னொரு முறை விக்கியது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

சைலன்சருக்குள் ஒரு சத்தம். அணுகுண்டு வெடி போட்ட மாதிரி. கரி அப்பிய பிளக் எரிக்காமல் விட்ட பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ப் பற்றியிருக்கிறது.

அதன் பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். கம்பெனிக்குள் எந்தச் சத்தம் கேட்டாலும் என்ன ஏது என்று பார்க்காமல் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஓடினார்கள். ஒவ்வொரு அறையிலிருந்தும் பெண்கள் வெறுங்காலோடு வெளியே வந்து, முள்ளையும் கல்லையும் பார்க்காமல், காட்டுக்குள் ஓடினார்கள். யாரும் அலறவில்லை. மூச்சுச் சத்தமும் கால் சத்தமும்தான் கேட்டன. பசை காயாத கைகளோடு என் மனைவியும் ஓடிக்கொண்டிருந்தாள். தூரத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். புகை எந்த அறையிலிருந்தும் வரவில்லை. பச்சை வண்டியின் பின்பக்கத்திலிருந்து வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போர்மேன் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் வேர்த்துப் போயிருந்தது.

"வண்டி சத்தம் குடுத்திருச்சு" என்றார். "லோட இறக்கிட்டு, வண்டியத் தள்ளி வெளிய கொண்டுபோங்க. கிளப்பாதீக."

"பிளக்கு அண்ணாச்சி, கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டான் போல…"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சரி பண்ணி வர்ற திங்கக்கிழமை கொண்டாங்க. ரோட்டுல நிறுத்தி ஓட்டிக் காட்டுங்க. சத்தம் குடுக்கலேன்னா உள்ள வாங்க. குடுத்தா, வேற வண்டிக்குச் சொல்லிருவேன். உங்க சகலை ரெண்டாவது வண்டி எடுக்காகளாமே?"

அவர் வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அப்படியானால் திங்கட்கிழமை வண்டி இன்னொரு முறை சத்தம் கொடுத்தால் லோடு அவனுக்கு, அந்த வண்டிக்கு டிரைவர் நான். மாமியாரின் ஆசை முழுதாக நிறைவேறிவிடும்.

 மறுநாள் மனைவிதான் பேச்செடுத்தாள். "தங்கச்சி மாப்ளகிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றாள். "செத்தாலும் கேட்கமாட்டேன்" என்றேன். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனம் தடைபட வேண்டும் என்கிற நிலைக்கு நான் எப்போதோ வந்துவிட்டிருந்தேன். பஜாருக்கே திரும்பப் போய், கடைக்காரரிடம் சண்டை போட்டு, அதே கோல்டு பிளக்கை, வேறு கம்பெனியின் அட்டையில், புதிதாக வாங்கி வந்து மாட்டினேன். கம்பெனியை மாற்றினேனே தவிர குளிர்ச்சியை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக்கு பஸ் ஏறினேன். வண்டியை எடுக்கவில்லை, வழியில் அது சத்தம் கொடுத்துத் தொலைத்தால் மனசு விட்டுப் போகும். அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். தாயே, நாளைக்கு ஒருநாள் அந்தச் சைலன்சரின் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன். அப்படியே அவன் வண்டிக்கும் ஏதாவது செய் என்றும் வேண்டிக்கொண்டேன். அம்மனிடம் மறைக்க என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் போர்மேன் முன்னால் ஓட்டிக் காட்டினேன். நிறுத்தினேன், கிளப்பினேன், மெதுவாக விட்டேன், மிதித்தேன். பாடியது. அவன் வண்டி பாடுகிற அதே பாட்டு. போர்மேன் சைலன்சருக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்து நின்றுவிட்டு, தலையை ஆட்டி உள்ளே விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தீபாவளி வரைக்கும் ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடினேன்.

அம்மன் என் இரண்டாவது வேண்டுதலையும் கேட்டுவிட்டாள் என்பது கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. வெம்பக்கோட்டைச் சாலையில் லோடோடு போய்க்கொண்டிருந்தபோது, அவன் கம்பெனி வாசலுக்கு வெளியே சகலையின் வண்டி நின்றது. எஞ்சின் ஓடவில்லை. லோடு இறக்குகிற ஆட்கள் பின்னால் தள்ள, அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்து வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் ஹாரன் அடித்து நிறுத்தினேன்.

"என்ன சகலை, பிக்கப்பத் தள்ளுவண்டி ஆக்கிட்டீகளா?"

"ஆமாண்ணே. கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"நான் சொல்றதக் கேளுங்க. கோல்டு பிளக்கு போடுங்க. கம்பெனி வண்டிக்கு அதான் சரி. என் வண்டியப் பாத்தீகள்ல, எப்படி நிக்குன்னு?"

"பாத்தேண்ணே. நல்லா நிக்கு" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக நான் ஒரு கியர் போட்டதில்லை. அதற்குப் பிறகும் பலமுறை அவனை அந்த வாசலில் தள்ளுகிற கோலத்தில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஹாரன் அடித்தேன். தீபாவளிக்கு மாமியார் வீட்டில் பந்தியில் உட்கார்ந்து பிளக்கைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். சூட்டை நம்புகிறவன் கெட்டுப்போவான், குளிர்ச்சியை நம்புகிறவன் பிழைப்பான் என்றேன். மாமியார் முதல்முறையாக என் இலையில் கேட்காமலேயே இன்னொரு அதிரசம் வைத்தார். சகலை பக்கத்து இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அண்ணன் சொல்றது சரிதான் அத்த" என்றான் மாமியாரிடம். என் மனைவி ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள், அதன் பிறகு பந்திப் பக்கமே வரவில்லை.

சீசன் முடிந்து கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடியிருந்தபோது பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம் என்று பானெட்டைத் திறந்தேன். முதல் சிலிண்டரின் வயர் மூடியை உருவினேன். வெள்ளைப் பீங்கானில், சூட்டில் கொஞ்சம் கறுத்து, ஒரு சிவப்புப் பொட்டு.

நான் அதைச் சுரண்டிப் பார்த்தேன். இரண்டாவதை உருவினேன். இரண்டு பொட்டுகள். மூன்றாவதில் மூன்று. நாலாவதை உருவுவதற்கு எனக்குக் கை வரவில்லை. உருவினேன். நாலு. என் வண்டியிலும் வரிசை மாறாமல் மாட்டியிருந்தான்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பானெட்டுக்குள் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கோயிலுக்குப் போனீகள்ல, அன்னைக்கு நான்தான் தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கூட்டியாந்தேன். நாளைக்குப் போர்மேன் முன்னால ஓட்டணும்னு சொன்னேன். சூடான பிளக்கு இங்கன கெடைக்காது, மதுரைக்குப் போக நேரமில்லன்னாக. அவுக வண்டியில இருந்ததக் கழத்தி இதுல மாட்டிட்டு, இதுல இருந்ததக் கொண்டுபோய் அவுக வண்டியில மாட்டிக்கிட்டாக."

"இதுல இருந்ததையா?"

"நீங்க வாங்குன குளிர்ந்ததத்தான்."

 ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தது. அவன் வண்டி மக்கர் செய்யவில்லை. என் பிளக்தான் அவன் வண்டிக்குள் உட்கார்ந்து மக்கர் செய்தது. வாசலில் எஞ்சினை அவனேதான் அணைத்திருக்கிறான். உள்ளே போய்ச் சத்தம் கொடுத்துவிடக் கூடாதே, உள்ளே இருக்கிற பெண்கள் ஓடக் கூடாதே என்று, ஒவ்வொரு லோடையும் தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறான். சீசன் நெருக்கடியில் மதுரைக்குப் போக நேரம் கிடைக்காமல் எத்தனை நாள் அப்படித் தள்ளினானோ. நான் ஹாரன் அடித்திருக்கிறேன். கோல்டு பிளக் போடுங்க என்று, கோல்டு பிளக் போட்டிருந்தவனிடம் சொல்லியிருக்கிறேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவுகதான் சொல்லக் கூடாதுன்னாக. அண்ணன் மனசு கஷ்டப்படும்னாக."

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அப்புறம், அடிவயிற்றிலிருந்து, அதே பழைய எரிச்சல். வண்டி ஓடுவதில் அவனை ஜெயித்தேன் என்று இருந்தேன், அதுவும் அவனுடையது. அந்த அதிரசமும் அவனுடையது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த வாசலில் வேர்த்துப்போய் நின்றுகொண்டு, நான் பேசப் பேச, 'நல்லா நிக்கு' என்றானே. நாக்கு நுனியில் பதில் இருந்தும் விழுங்கினானே. பந்தியில், மாமியார் முன்னால், ஒரு வார்த்தை போதும், என்னை இலையோடு சுருட்டியிருக்கலாம். நானாக இருந்தால் அரை நாள் தாங்கியிருக்கமாட்டேன். ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். அவன் வண்டிமேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது, அவன் வாய்மேல் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால்.

"இதுக்குப் பதிலுக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டேன். புது பிளக் வாங்கிக் கொடுக்கலாமா, வீட்டுக்குக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடலாமா என்று என்னென்னவோ யோசித்தேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள் மனைவி. "உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவுகளுக்குத் தெரிய வேணாம். அவுக இருந்த மாதிரி நீங்களும் வாய மூடிட்டு இருங்க. அது போதும்."

சரி என்றேன். பொட்டு வரிசைப்படியே நாலையும் திரும்ப மாட்டினேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஆடி, எத்தனையோ தீபாவளி போய்விட்டது. எத்தனை பந்திகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சொல்லவில்லை. இந்த ஒன்றிலாவது அவனுக்குச் சமமாக இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

இதோ, அதையும் எழுதிவிட்டேன்.